கடைசிப் பாட்டு ஏன் கரகரக்கிறது?

ஜீவனஹள்ளியிலும் அதை ஒட்டிய காக்ஸ் டவுன், குக் டவுன் தெருக்களிலும் பழைய குடும்பங்கள் பலவற்றின் பரணில் இசைத்தட்டுப் பெட்டி ஒன்று இருக்கும். பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கே உரிய கலவை அது. எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.எம். சௌந்தரராஜன், ராஜ்குமார், ஜிம் ரீவ்ஸ் எல்லாரும் ஒரே பெட்டிக்குள் அடுத்தடுத்து நிற்பார்கள். சில வருஷங்களாக இந்தப் பெட்டிகள் கீழே இறங்க ஆரம்பித்திருக்கின்றன. பேரப்பிள்ளைகள் புது டர்ன்டேபிள் வாங்கித் தருகிறார்கள், சிலர் எஸ்.பி. ரோட்டில் அலைந்து பாகங்கள் தேடிப் பழைய மெஷினையே ஓட வைக்கிறார்கள். ஓட ஆரம்பித்த சில நாளில் ஒரு புகார் வரும். வீட்டுக்கு வீடு அதே புகார்தான்.

எல்.பி.யின் முதல் பாட்டு கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்கிறது. நடுவில் பரவாயில்லை. பக்கம் முடியும் தறுவாயில் ‘ஸ’, ‘ச’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் சீறுகிறது, வயலின் மேல்ஸ்தாயிக்குப் போனால் குரல் கிழிகிறது. கச்சேரித் தட்டாக இருந்தால் தில்லானாவோ மங்களமோ அந்த இடத்தில்தான் வந்து மாட்டிக்கொள்ளும். ஒரே குரல் இடைவிடாமல் ஓடும் தட்டுகளில் இந்த மாற்றம் இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். 1963இல் வெளிவந்த எம்.எஸ்.ஸின் வேங்கடேச சுப்ரபாதம் அப்படிப்பட்ட தட்டு. தென்னிந்திய வீடுகளில் அதைவிட அதிகம் சுழன்ற எல்.பி. இருக்குமா என்பது சந்தேகம். “தட்டு தேஞ்சு போச்சு தம்பி, வயசாயிடுச்சு” என்று சொல்லி அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள்.

போடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். தட்டைத் திருப்பிப் போடுங்கள். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு மறுபடியும் தெளிவாகக் கேட்கிறதா? அப்படியானால் ஊசியில் அழுக்கு என்று சொல்ல முடியாது. திருப்பிப் போட்டதால் அழுக்கு போய்விடாது. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் மேலும் பழி போட முடியாது. அவற்றுக்கு எத்தனையாவது பாட்டு ஓடுகிறது என்று தெரியாது. முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவே மாறியது ஒன்றே ஒன்றுதான். தட்டின் மையத்திலிருந்து ஊசி இருக்கும் தூரம். எல்.பி.யில் அது 146 மி.மீ.யில் தொடங்கி 60 மி.மீ. வரை குறைகிறது. கோளாறின் வேரை அந்தத் தூரத்தில்தான் தேட வேண்டும்.

தூரம் குறையும்போது இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. முதலாவது வேகம். தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை ஒரே சீராகச் சுற்றுகிறது என்றாலும், வெளி விளிம்பில் ஒரு சுற்று நீளமானது, உள்ளே குட்டையானது. அதனால் ஊசிக்கு அடியில் ஓடும் ஒலிப்பள்ளத்தின் வேகம் வெளியே வினாடிக்கு 51 சென்டிமீட்டர்; முடிவில் 21 சென்டிமீட்டர்தான். பாதிக்கும் குறைவு. வினாடிக்கு 10,000 முறை அதிரும் ஒரு கூர்மையான ஒலி வெளியே 51 மைக்ரான் நீளத்துக்கு ஓர் அலையாகப் பதிகிறது, உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருக்கி எழுதப்படுகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இது தட்டு பிறக்கும்போதே கூடப் பிறந்த குறை. நாம் செய்ய ஒன்றுமில்லை.

இரண்டாவது, கோணம். அதில் நாம் செய்ய நிறைய இருக்கிறது.

ஸ்டூடியோவில் மூலத்தட்டை வெட்டும் லேத்தில், வெட்டும் உளி நேரான ஒரு தண்டின் மேல் ஏறி விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. மேசை இழுப்பறை உள்ளே போவதைப் போல. முகம் திரும்பாது, எந்த இடத்தில் இருந்தாலும் உளி ஒலிப்பள்ளம் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுச் செல்லும் அந்தத் திசையைப் பள்ளிக்கூட வடிவியலில் தொடுகோடு என்று படித்திருப்போம். ஆனால் நம் வீட்டு டர்ன்டேபிளின் கை, அதாவது டோன் ஆர்ம், ஒரு முளையில் மாட்டிய கதவு. ஒரு முனை நிலையாக இருக்க, மறுமுனை வில்லாக வளைந்து உள்ளே வருகிறது. கதவு திரும்பத் திரும்ப அதன் முகமும் திரும்பும். இழுப்பறை எழுதியதைக் கதவு படிக்க வேண்டியிருக்கிறது. எழுதிய திசைக்கும் படிக்கும் திசைக்கும் இடையே விழும் இந்தக் கோண வித்தியாசத்தைத் தொடுபிழை என்று அழைக்கலாம்.

பிழை எவ்வளவு பெரியது? முளையிலிருந்து ஊசி வரை 230 மி.மீ. நீளமுள்ள ஒரு கையை எடுத்துக்கொள்வோம். வீட்டு டர்ன்டேபிள்களில் பெரும்பாலும் ஏறத்தாழ இந்த நீளம்தான். கை நேராக இருந்து, ஊசி தட்டின் மையத்தைச் சரியாகத் தொடும்படி பொருத்தியிருந்தால், வெளி விளிம்பில் பிழை பதினெட்டரை டிகிரி. உள்ளே ஏழரை. இது சகிக்கக்கூடிய அளவே இல்லை.

இதைக் குறைக்க இரண்டு தந்திரங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். கையின் தலைப்பகுதியை உள்பக்கமாகக் கொஞ்சம் திருப்பிவிடுவது ஒன்று. இதைச் சாய்கோணம் என்போம். இசைத்தட்டு மெஷினைப் பார்த்த யாருக்கும் அந்த வளைந்த கை நினைவிருக்கும். இன்னொன்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஊசி தட்டின் மையத்தைத் தொடாமல், அதைத் தாண்டி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் அப்பால் போகும்படி கையை நீட்டிவைப்பது. இதன் பெயர் முன்நீட்டம். நீட்டம் கொடுத்ததும் கோணத்தின் போக்கே மாறிவிடுகிறது. வெளியிலிருந்து உள்ளே வரவரக் குறைந்துகொண்டே போன கோணம், இப்போது பாதி தூரம் வரை குறைந்து, அப்புறம் திரும்பி ஏறுகிறது. சாய்கோணத்தைச் சரியான அளவில் வைத்தால், இறங்கும்போது ஒரு முறையும் ஏறும்போது ஒரு முறையும் பிழை சுழியமாகும். தட்டின் மேல் அந்த இரண்டே இரண்டு இடங்களில்தான் நம் ஊசி, வெட்டிய உளியைப் போலவே நேராக நிற்கிறது. அவற்றைச் சுழிப்புள்ளிகள் என்று சொல்லலாம். மற்ற எல்லா இடத்திலும் பிழை உண்டு. ஆனால் ஓரிரு டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கு முதலில் யாருக்குத் தோன்றியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இந்தியாவின் முதல் வணிக ஒலிப்பதிவுகளில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியது 1902இல். கிராமஃபோன் கம்பெனி கல்கத்தாவின் சியால்தா பகுதியில் தட்டு அச்சிடும் ஆலை திறந்தது 1908இல். அரக்கில் செய்த தட்டு, எஃகு ஊசி, நூறு கிராமுக்கும் மேல் எடையுள்ள ஒலிப்பெட்டி என்று உலகமே இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஊசி எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்று பெரும்பாலோர் கவலைப்படவில்லை. 1924இல் ‘தி கிராமஃபோன்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையில் பெர்சி வில்சன் என்ற கணித அறிவுள்ள எழுத்தாளர் இதை எடுத்துக்கொண்டு, சாய்கோணமும் முன்நீட்டமும் சேர்ந்தால் பிழையைக் கட்டுப்படுத்தலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் பிழையின் அளவைத்தான் குறைக்கப் பார்த்தார். தட்டின் எந்த இடத்தில் அந்தப் பிழை விழுகிறது என்பதும் முக்கியம் என்ற அடுத்த படி 1938இல்தான் வந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் லோஃப்க்ரென் ஒரு ஜெர்மன் ஒலியியல் ஆய்விதழில் அதை எழுதினார். 1941இல் ஹெச்.ஜி. பேர்வால்ட் என்பவர் அமெரிக்காவில் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார். ஊசியைச் சரியாகப் பொருத்த இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் அட்டைகளில் மிகப் பலவற்றின் பின்னால் இருப்பது இந்த இருவரின் கணக்கு. எல்.பி. தட்டு பிறந்ததோ 1948இல். தட்டு வருவதற்கு முன்பே அதற்கான கணக்கு தயாராக இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

லோஃப்க்ரென் கண்டது என்ன? அதைப் புரிந்துகொள்ள ஊசியைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒலிப்பள்ளம் நெளிந்து நெளிந்து ஓடுகிறது. அந்த நெளிவுக்கு ஏற்ப ஊசி இடமும் வலமும் ஆடுகிறது. ஊசியைத் தாங்கிக் கையின் நுனியில் இருக்கும் கார்ட்ரிட்ஜ் நேராக இருந்தால் ஆட்டம் பள்ளத்துக்குச் சரியாகக் குறுக்கே நடக்கும். கார்ட்ரிட்ஜ் இரண்டு டிகிரி திரும்பியிருந்தால் ஆட்டத்தின் கோடும் இரண்டு டிகிரி சாயும். ஆக, ஊசி ஒரு பக்கம் போகும்போது கொஞ்சம் முன்னாலும் மறுபக்கம் போகும்போது கொஞ்சம் பின்னாலும் இருக்கும். முன்னால் இருக்கும் ஊசி ஒலியைச் சற்று முந்திப் படிக்கிறது, பின்னால் இருப்பது சற்றுப் பிந்திப் படிக்கிறது. சீராக ஏறி இறங்க வேண்டிய அலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. சட்டென்று ஏறி மெதுவாக இறங்குகிறது, அல்லது அதற்கு நேர்மாறாக.

முந்துவது எவ்வளவு நேரம் என்பது பள்ளம் ஓடும் வேகத்தைப் பொறுத்தது. ஊசி ஒரே ஒரு மைக்ரான் முன்னால் இருந்தால், வெளி விளிம்பில் அது வினாடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நேரம். உள்ளே அதே ஒரு மைக்ரான் ஏறத்தாழ ஐந்து பங்கு. கோணம் மாறவே இல்லை, ஆனால் கெடுதல் இரண்டரை மடங்கு. தொடுபிழையால் வரும் திரிபு, கோணத்தை மையத்திலிருந்து உள்ள தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் அளவுக்கு ஏற்றபடி கூடுகிறது என்பதே லோஃப்க்ரென் சொன்னதன் சாரம். எனவே பிழையை எல்லா இடத்திலும் சமமாகப் பங்கிடுவது தப்பு. வெளியே அதிகம் விடலாம், உள்ளே கறாராக இருக்க வேண்டும்.

பேர்வால்ட் முறைப்படி நம் 230 மி.மீ. கைக்கு முன்நீட்டம் 18 மி.மீ., சாய்கோணம் ஏறத்தாழ 24 டிகிரி. சுழிப்புள்ளிகள் மையத்திலிருந்து 66 மி.மீ. தொலைவிலும் 121 மி.மீ. தொலைவிலும் விழுகின்றன. வெளி விளிம்பில் பிழை 1.9 டிகிரி, இரு புள்ளிகளுக்கும் நடுவே எதிர்த்திசையில் 1.1 டிகிரி, உள் விளிம்பில் வெறும் 0.8 டிகிரி. எண்கள் வேறுவேறாக இருந்தாலும் அந்தந்த இடத்தில் விளையும் திரிபின் உச்சம் கிட்டத்தட்ட சமம். அழகான பங்கீடு.

இப்போது முன்நீட்டத்தில் ஒரு மி.மீ. கூடிப்போகட்டும். உள் விளிம்பில் 0.8 ஆக இருந்த பிழை 1.7 டிகிரியாகிவிடும். கார்ட்ரிட்ஜை மாட்டும் திருகு தளர்ந்து ஒரு மி.மீ. முன்னால் நழுவினாலே போதும், கடைசிப் பாட்டின் திரிபு இரண்டு மடங்காகிவிடும். முதல் பாட்டில் அந்த வித்தியாசம் காதில் அவ்வளவாக உறைக்காது. புகாரின் விடை இங்கே இருக்கிறது.

சாய்ந்த அலை காதுக்கு ஏன் கரகரப்பாகக் கேட்க வேண்டும் என்று சங்கீதம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வினாடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒரு தனி ஒலியை இப்படிச் சாய்த்தால் அதோடு 2,000 அதிர்வுள்ள ஒலி ஒன்று சேர்கிறது. அது மேல் ஷட்ஜம். சுருதியோடு ஒட்டிப்போகும், யாருக்கும் உறுத்தாது. ஆனால் பாட்டில் தனி ஒலி ஏது? குரல், வயலின், மிருதங்கம், தம்பூரா எல்லாம் ஒரே ஊசியை ஆட்டுகின்றன. ஒன்றின் ஆட்டம் இன்னொன்றைச் சாய்க்கும்போது இரண்டின் கூட்டல், கழித்தல் அதிர்வுகள் புதிதாகப் பிறக்கின்றன. இவை எந்தச் சுருதியிலும் சேராத அநாதைகள். அவற்றின் கும்பலைத்தான் நாம் கரகரப்பு என்கிறோம். ‘ஸ’காரம் முதலில் அடிபடுவதற்கும் காரணம் உண்டு. தட்டில் பதிக்கும்போது உயர் அதிர்வுகளை வேண்டுமென்றே தூக்கிப் பதித்து, கேட்கும்போது இறக்கிக்கொள்வது வழக்கம். இரைச்சலை அமுக்க அது உதவுகிறது. அதனால் சீறும் எழுத்துகள் வரும் இடத்தில் ஊசி வேகவேகமாக ஆடுகிறது. எங்கே ஆட்டத்தின் வேகம் அதிகமோ அங்கே சாய்வும் அதிகம்.

இதெல்லாம் காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. ஒரே அதிர்வுள்ள ஒலியைப் பதித்த சோதனைத் தட்டுகள் கிடைக்கின்றன. அதை ஓடவிட்டு, வரும் ஒலியை லேப்டாப்பில் வாங்கி, அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் இலவச மென்பொருளில் போட்டால், 1,000க்கு ஒரு பெரிய முள்ளும் 2,000க்கு ஒரு குட்டி முள்ளும் திரையில் நிற்கும். கார்ட்ரிட்ஜைத் திருப்பத் திருப்பக் குட்டி முள் வளர்வதையும் சுருங்குவதையும் கண்ணாலேயே பார்க்கலாம். குட்டி முள்ளுக்கு வேறு காரணங்களும் இருப்பதால் அது முழுக்க மறையாது. 1938இல் காகிதத்தில் போட்ட கணக்கை ஜீவனஹள்ளியின் ஒரு மாடி அறையில் சரிபார்க்க முடிகிறது.

சாய்கோணம் ஒரு புதுத் தொல்லையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. பள்ளத்தின் உராய்வு ஊசியைத் தொடுகோட்டின் திசையில் இழுக்கிறது. தலை திரும்பியிருப்பதால் அந்த இழுவிசையின் கோடு முளை வழியே போகாமல் விலகிப் போகிறது. கை மையத்தை நோக்கி வழுக்கப் பார்க்கிறது. ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் ஒரு சுவரில் இடது ஒலியும் மறு சுவரில் வலது ஒலியும் இருப்பதால், ஊசி உள்சுவரை அதிகம் அழுத்தி வெளிச்சுவரை விட்டுவிடும். ஆன்டி ஸ்கேட்டிங் என்று எழுதிய சின்னக் குமிழோ தொங்கும் எடையோ இதை எதிர்த்து வெளிப்பக்கமாக இழுப்பதற்குத்தான். அதைச் சுழியத்தில் விட்டுவிட்டுக் கேட்பவர்கள் உண்டு, வேண்டாம்.

சரி, சுழிப்புள்ளிகளை எங்கே வைப்பது? இதற்கு ஒரே விடை கிடையாது. 1966இல் ஜே.கே. ஸ்டீவன்சன் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ பத்திரிகையில் வேறொரு வாதம் வைத்தார். பக்கத்தின் முடிவில்தானே கஷ்டம் உச்சம். அப்படியானால் ஒரு சுழிப்புள்ளியைப் பதிவு முடியும் இடமான 60.3 மி.மீ.யிலேயே வைத்துவிடலாம் என்றார். அதற்குக் கொடுக்கும் விலை, தட்டின் நடுப்பகுதியில் கொஞ்சம் கூடுதல் பிழை. டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200ஐப் பலரும் பார்த்திருப்பார்கள். 230 மி.மீ. கை, 15 மி.மீ. முன்நீட்டம், 22 டிகிரி சாய்கோணம். கணக்குப் போட்டால் அதன் உள் சுழிப்புள்ளி 59 மி.மீ. அருகில் வருகிறது. அந்த வடிவமைப்பாளர்களும் முடிவுப் பகுதிக்கே சலுகை காட்டியிருக்கிறார்கள்.

மேல்நாட்டு எழுத்துகளில் பேர்வால்ட் முறைக்கே வாக்கு அதிகம், எல்.பி. மட்டும் கேட்பவருக்கு அது சரி. நம் வீட்டுப் பெட்டிகளின் நிலைமை வேறு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் வீட்டில் எல்.பி.க்கள் கொஞ்சம்தான். மீதி எல்லாம் ஏழு அங்குலத் தட்டுகள், பக்கத்துக்கு ஓரிரு சினிமாப் பாட்டு. தமிழ்ப் பாட்டு ரசிகர்கள் சேர்த்ததெல்லாம் பெரும்பாலும் இந்தக் குட்டித் தட்டுகளைத்தான். இவற்றில் பதிவு 84 மி.மீ. ஆரத்தில் தொடங்கி 54 மி.மீ. வரை போகலாம். எல்.பி.யின் உள் விளிம்பையும் தாண்டி ஆறு மி.மீ. உள்ளே. பேர்வால்ட் முறைப்படி பொருத்தினால் அந்தக் கடைசி இடத்தில் பிழை 2 டிகிரி. ஸ்டீவன்சன் முறையில் 1 டிகிரி. 45 வேகத்தில் சுற்றுவதால் கொஞ்சம் தப்பிக்கிறது என்றாலும், சரணத்தின் முடிவில் கிடைக்கும் அந்த ஒரு டிகிரி லாபம் பெரிய லாபம். பாட்டின் தொடக்கத்தில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் சொற்பம். குட்டித் தட்டு அதிகம் வைத்திருக்கும் வீட்டுக்கு ஸ்டீவன்சன் முறைதான் பொருத்தம் என்பது என் துணிபு. டீச்சரம்மா வீட்டில் அப்படித்தான் பொருத்தினோம்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கையின் நுனியில் இருக்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றிப் புரட்டினால் கார்ட்ரிட்ஜை இரண்டு சின்னத் திருகுகள் பிடித்திருப்பது தெரியும். திருகுகளுக்கு இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஹெட்ஷெல்லில் அவை நகர நீளமான இரண்டு துவாரங்கள். பின்னால் நான்கு நூல்கம்பிகள்: வலது ஒலிக்குச் சிவப்பும் பச்சையும், இடதுக்கு வெள்ளையும் நீலமும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஊசிக்கு உறை இருந்தால் மாட்டிக்கொண்டு, திருகுகளைத் தளர்த்த வேண்டும். முழுக்கக் கழற்றக் கூடாது; விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும் என்ற அளவுக்கு. பிறகு நடுவில் துளையிட்ட அளவுகோல் அட்டையைத் தட்டுக்குப் பதிலாக வைக்க வேண்டும். அதில் சுழிப்புள்ளிகள் இரண்டும் குறித்திருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி இணைகோடுகள். உறையை எடுத்துவிட்டு ஊசியை உள்புள்ளியின் மேல் மெல்ல இறக்கி, முன்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கார்ட்ரிட்ஜின் பிளாஸ்டிக் உடம்பைக் கோடுகளோடு ஒப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். பாட்டைப் படிப்பது உடம்பு இல்லை. ஊசியைத் தாங்கி நிற்கும் சில மி.மீ. நீள உலோகக் காம்பு ஒன்று அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஊசிக்காம்பு கோடுகளுக்கு இணையாக இருக்க வேண்டும். மலிவான கார்ட்ரிட்ஜ்களில் காம்பு உடம்புக்கு நேராக இல்லாமல் சற்றுக் கோணலாக ஒட்டியிருப்பது சகஜம். அப்போது உடம்பு கோணலாகத் தெரிந்தாலும் காம்பைத்தான் நம்ப வேண்டும். கண்ணாடியில் அச்சிட்ட அட்டை இருந்தால் இன்னும் நல்லது. காம்பும் அதன் பிம்பமும் ஒரே கோட்டில் வரும்போது நம் பார்வையின் சாய்வு விலகிவிடும். நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் கட்டாயம்.

உள்புள்ளியில் பார்த்தபின் வெளிப்புள்ளியில் பாருங்கள். இரண்டிலும் காம்பு ஒரே பக்கம், ஒரே அளவு திரும்பியிருந்தால் கார்ட்ரிட்ஜை ஹெட்ஷெல்லுக்குள் திருப்பினால் போதும். உள்புள்ளியில் அதிகமாகவும் வெளிப்புள்ளியில் பாதியாகவும் திரும்பியிருந்தால் கோளாறு முன்நீட்டத்தில். முன்னாலோ பின்னாலோ அரை அரை மி.மீ.யாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். இரண்டும் கலந்தும் இருக்கும். அவசரமில்லாத ஒரு பகல் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். இரண்டு புள்ளியிலும் இணையாக வந்ததும் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முறுக்கினால் கார்ட்ரிட்ஜ் மறுபடி திரும்பிவிடும். கார்ட்ரிட்ஜ் நகர்ந்ததால் ஊசியின் அழுத்தமும் மாறியிருக்கும். சின்ன டிஜிட்டல் தராசில் அதைத் திரும்ப நிறுத்து, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு கிராமுக்குக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவு செய்தும் கடைசிப் பாட்டு முதல் பாட்டாகிவிடாது. கூம்பு வடிவ ஊசியின் நுனி ஆரமே 15 மைக்ரானுக்கு மேல். 21 மைக்ரானுக்குள் நெருக்கி எழுதிய அலைக்குள் அந்த நுனி எப்படி முழுசாக நுழையும்? வளைவுகளின் உச்சியைத் தொட்டுவிட்டு ஆழத்தை விட்டுவிடுகிறது. இது தொடுபிழையிலிருந்து வேறான சங்கதி. கோணத்தைத் திருத்திச் சரிசெய்ய முடியாது. முட்டை வடிவ ஊசி மாட்டினால் குறையும், ஏனென்றால் பள்ளம் ஓடும் திசையில் அதன் விளிம்பு 8 மைக்ரான் ஆரம்தான். ஆனால் கூர்மையான விளிம்பு கோணலை மன்னிக்காது. கூம்பு ஊசி எந்தப் பக்கம் திரும்பினாலும் வட்டம் வட்டம்தான். முட்டை ஊசி திரும்பினால் விளிம்புகள் ஒலிப்பள்ளத்தின் இரு சுவர்களையும் வெவ்வேறு இடத்தில் தொடும். விலை உயர்ந்த ஊசி வாங்கி ஏனோதானோவென்று மாட்டுவதைவிட, எளிய ஊசியைச் சரியாக மாட்டுவது மேல்.

கதவை விட்டுவிட்டு இழுப்பறையாகவே கையைச் செய்தால் என்ன என்று யோசித்தவர்களும் இருக்கிறார்கள். 1972இல் டென்மார்க்கின் பேங் அண்ட் ஒலுஃப்சென் நிறுவனம் பியோகிராம் 4000 என்ற மாடலில் மோட்டாரால் நேர்கோட்டில் நகரும் கையைக் கொண்டுவந்தது. 1979இல் டெக்னிக்ஸ் எஸ்.எல். 10 அதையே ஒரு தட்டின் உறையளவுக்குச் சுருக்கியது. தொடுபிழை அநேகமாக இல்லை. விலையும் நுணுக்கமான பாகங்களும் அவற்றை எல்லார் வீட்டுக்கும் வரவிடவில்லை. முளையில் திரும்பும் கைதான் இன்றும் புது டர்ன்டேபிள்களில் பெரும்பான்மை.

பெட்டிக்குள்ளேயே எல்லாம் அடங்கிய பழைய பிளேயர்கள் பலவற்றில் கார்ட்ரிட்ஜை நகர்த்தவே வழி கிடையாது. அவற்றில் பல கிராம் அழுத்தத்தில் உழுத தட்டுகளின் சுவர்கள் உண்மையிலேயே தேய்ந்திருக்கும். எந்த அட்டையும் அவற்றை மீட்காது. தேய்மானமா, கோணலா என்று பிரித்தறிய ஒரு வழி: சரியாகப் பொருத்திய ஒரு மெஷினில் அதே தட்டை ஓட்டிப் பார்ப்பது. அங்கேயும் அதே இடத்தில் அதே கரகரப்பு என்றால் தட்டு போய்விட்டது. தெளிந்தால் குற்றவாளி உங்கள் கார்ட்ரிட்ஜ்.

அளவுகோல் அட்டை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கும்போது தாளுக்கு ஏற்பச் சுருக்காமல் நூறு சதவீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, மையத் துளையிலிருந்து இரண்டு புள்ளிகளுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பேர்வால்ட் அட்டையானால் 66, 120.9 மி.மீ.; ஸ்டீவன்சன் அட்டையானால் 60.3, 117.4 மி.மீ. அரை மி.மீ. பிசகினாலும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். அதுவரைக்கும் பரணிலிருந்து இறக்கிய எந்தத் தட்டையும் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.